இரண்டு பேர், ஐந்து இரவு, மைனஸ் இருபது: பின்லாந்தின் லாப்லாந்துக்கு ஒரு குளிர்காலப் பயணம்

பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்துக்கு ஜோடியாகப் போகத் திட்டம் போடுகிறவர்கள் தாளில் முதலில் எழுதுவது அரோரா என்ற துருவ ஒளி, ஹஸ்கி நாய்கள் இழுக்கும் வண்டி, படுத்தபடி வானம் பார்க்கும் கண்ணாடி இக்லூ அறை. அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: உங்கள் இருவரில் யாருக்குக் குளிர் தாங்காது? அவருக்கு எது முடியுமோ அதுதான் இந்தப் பயணத்தின் அளவு. நாங்கள் இதைப் போய்த்தான் கற்றுக்கொண்டோம். முதல் இரவே மைனஸ் 22ல் ஆற்றங்கரையில் ஒன்றரை மணி நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம், என் கணவருக்குக் கால் விரல்கள் மரத்துப் போயிருந்தன, நான் சந்தோஷமாக நிற்பதைப் பார்த்து அவர் வாயைத் திறக்கவில்லை. அறைக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் இரண்டு விரல்கள் வெளுத்துக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, ஆனாலும் அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் கிளம்பும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "குளிருது, உள்ளே போகலாம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் கேள்வி கேட்கக் கூடாது.

எந்த மாதம்

டிசம்பர் என்றுதான் எல்லோருக்கும் மனதில் வரும். கிறிஸ்துமஸ் விளக்குகள் அழகுதான், ஆனால் விலை உச்சத்தில் இருக்கும், கூட்டமும் அதிகம், பகலோ மிகச் சிறியது. டிசம்பர் 21, 22 வாக்கில் ரோவானியெமி நகரில் சூரியன் அடிவானத்துக்கு மேல் இருப்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான். இன்னும் வடக்கே, உத்ஸ்யோக்கி பக்கம், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. அந்தக் காலத்துக்கு பின்னிஷ் மொழியில் 'காமோஸ்' என்று பெயர். முழு இருட்டாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், நடுப்பகலில் சில மணி நேரம் வானமும் பனியும் சேர்ந்து நீலமாக ஒளிரும், அதைப் பார்ப்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

முதல் முறை போகிற ஜோடிக்கு நான் சொல்வது ஜனவரி பிற்பாதி முதல் பிப்ரவரி முதல் பாதி வரை, அல்லது மார்ச் நடுப்பகுதி. பிப்ரவரி தொடக்கத்தில் பகல் ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிடும், பனி நன்றாகப் படிந்திருக்கும், குளிர் அதன் முழு பலத்தில் இருக்கும். மார்ச் நடுவில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை நெருங்கும், வெயிலில் பனி மின்னும், இரவில் அரோராவுக்குத் தேவையான இருட்டும் இருக்கும். குளிருக்கு ரொம்பவே அஞ்சுகிறவர் உங்களில் ஒருவர் என்றால் யோசிக்காமல் மார்ச். ஒன்று கவனியுங்கள்: ஆண்டின் 8, 9, 10ஆம் வாரங்களில் பின்லாந்துப் பள்ளிகளுக்குப் பகுதி பகுதியாகப் பனிச்சறுக்கு விடுமுறை. அப்போது அந்த நாட்டுக்காரர்களே லாப்லாந்துக்குக் கிளம்பிவிடுவார்கள், மரக்குடில்கள் கிடைப்பது கடினம்.

எந்த ஊர், எத்தனை இரவு

ஐந்து இரவு. அதற்குக் குறைந்தால் அரோராவுக்கு வாய்ப்பு குறைகிறது, பயணக் களைப்பும் தீராது.

ஊரைப் பொறுத்தவரை ஆசை எல்லை மீறும், அகலக்கால் வைக்காதீர்கள். ரோவானியெமி லாப்லாந்தின் தலைநகரம், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது, ரயிலும் விமானமும் வருகின்றன, கார் இல்லாமலேயே சமாளிக்கலாம். சாரிசெல்கா இன்னும் 250 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அங்கே மரமில்லாத மொட்டைக் குன்றுகள், பக்கத்திலேயே 1983ல் அமைத்த உர்ஹோ கெக்கோனன் தேசியப் பூங்கா, அமைதி அதிகம், இவாலோ விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம்தான். லேவி பனிச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கான இடம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டைச் சேர்க்காதீர்கள், ஐந்து இரவில் ஊர் மாறுவது என்றால் ஒரு முழுப் பகலும் பெட்டி கட்டுவதிலேயே போகும். முதல் முறைக்கு ரோவானியெமி என்றே வைத்து மீதியைச் சொல்கிறேன்.

முன்பதிவு வரிசை

பின்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் பதினைந்து நாளுக்கு முன், ஆனால் அதுவரை காத்திருப்பது வீண் படபடப்பு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதை எடுக்கும்போதே ஸ்னோமொபைல் என்ற பனி மோட்டார் வண்டியும் நாய் வண்டியும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பல காப்பீடுகளில் இவை தனியாகச் சேர்க்க வேண்டியவை.

பிறகு தங்குமிடம், பிறகு ரயில், கடைசியில்தான் சவாரிகள். இரவுகளை மூன்றாகப் பிரியுங்கள்: முதல் இரவு ரயிலில், அடுத்த இரண்டு இரவு ஊருக்குள், கடைசி இரண்டு இரவு ஊருக்கு வெளியே சவுனா என்ற நீராவிக் குளியல் அறை உள்ள ஒரு மரக்குடிலில். கண்ணாடி இக்லூவுக்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய, ஒரு இரவுக்குப் பல நூறு யூரோ ஆகும், வானம் மூடியிருந்தால் அன்றிரவு நீங்கள் பார்ப்பது மேகத்தை மட்டும்தான், தேதியை மாற்றவும் முடியாது. அதே பணத்தில் அடுப்பும் சவுனாவும் சமையலறையும் உள்ள தனிக் குடிலில் இரண்டு இரவு கூடத் தங்கலாம், வெளியே வந்தால் மொத்த வானமும் உங்களுடையது. நான் குடிலுக்கே ஓட்டுப் போடுவேன்.

இரவு ரயில்

ஹெல்சின்கியிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இருந்தாலும் ஒரு வழியாவது இரவு ரயிலில் போங்கள். சுமார் 12 மணி நேரம், இரண்டடுக்குப் பெட்டிகள், இரண்டு பேருக்கான தனிக் கேபின். மேல்தளக் கேபின்களில் சொந்தக் கழிப்பறையும் குளியலும் உண்டு, கீழ்தளத்தில் பொதுக் கழிப்பறை. மேல்தளம் கிடைத்தால் விடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தால் வெள்ளைக் காடு மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் இருவரும் அப்படி மனம்விட்டுப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

ஹெல்சின்கி விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நகர மையம் வரை போக வேண்டியதில்லை. உள்ளூர் ரயிலில் பத்து நிமிடம் போல வந்தால் திக்குரிலா நிலையம், வடக்கே போகும் ரயில்கள் அங்கே நிற்கும். நேரம் மீதம் இருந்தால் மட்டும் ஹெல்சின்கிக்குள் போய் 'ஓடி' என்ற பெயருள்ள நூலகத்தின் மாடியில் உட்காருங்கள், அல்லது பாறையைக் குடைந்து 1969ல் கட்டிய தெம்பெலியாவ்கியோ தேவாலயத்தைப் பாருங்கள்.

உடுப்பு

இந்தப் பகுதியை இருவரும் சேர்ந்து படியுங்கள், மற்ற எதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.

உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியிலான தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது தடித்த கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். மூன்றடுக்கு, அவ்வளவுதான். பருத்தி எங்கேயும் வேண்டாம், உள்ளாடையிலும் டி-ஷர்ட்டிலும் கூட. நடக்கும்போது வரும் வியர்வையைப் பருத்தி பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

கால்தான் முதலில் தோற்கும். என் கணவருக்கு நடந்தது இதுதான்: சரியான அளவு பூட்ஸ் வாங்கி, குளிருமே என்று இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ் போட்டு, காலைத் திணித்தார். இறுக்கம் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், சூடான காற்று தங்கவும் இடம் இருக்காது. ஒரு அளவு பெரிய பூட்ஸ், ஒரு மெல்லிய சாக்ஸ், அதன் மேல் ஒரு கம்பளி சாக்ஸ், உள்ளே விரலை ஆட்ட முடிய வேண்டும். கைக்கு மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் விரல் பிரியாத தடித்த கையுறை. விரல்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். தலைக்குக் குரங்குக் குல்லா, கழுத்துக்கு இழுத்து மூக்கு வரை மூடும் கம்பளிக் குழாய். முகத்துக்குக் கொழுப்புச் சத்துள்ள கிரீம், உதட்டுக்கு லிப் பாம்.

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மைனஸ் 15ல் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்னோமொபைல் ஓட்டினால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 27 போல இருக்கும். லாப்லாந்தில் ஜனவரியில் சில நாள் மைனஸ் 30 வரை இறங்குவது புதிதல்ல, பின்லாந்தின் மிகக் குறைந்த வெப்பநிலை 1999 ஜனவரி 28 அன்று கிட்டிலா பகுதியின் பொக்காவில் பதிவான மைனஸ் 51.5 டிகிரி.

வெளியே இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒருவர் முகத்தை மற்றவர் பாருங்கள். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ காதிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் தோல் உறையத் தொடங்குகிறது என்று அர்த்தம், அது வந்தவருக்கு உணர்ச்சியே இருக்காது, கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் சூடு கொடுத்து உள்ளே அழைத்துப் போங்கள். தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம்.

விலை உயர்ந்த வெளி உடுப்பை இந்த ஒரு பயணத்துக்காக வாங்க வேண்டாம். ரோவானியெமியில் வாடகைக்குக் கிடைக்கும், சவாரி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முழு உடுப்பும் பூட்ஸும் தந்துவிடுவார்கள். உள்ளே போடுவதை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

நாள் கணக்கு

ஒரு நாளைக்கு வெளியே ஒரு காரியம், அப்புறம் ஒரு சூடான இடம். இதற்கு மேல் நிரப்பாதீர்கள், உடம்பு சூடாக இருப்பதற்கே நிறைய சக்தி செலவழிக்கிறது, மாலை நான்கு மணிக்கே தூக்கம் வரும்.

ரயிலிலிருந்து இறங்கும் காலை, பெட்டியை வைத்துவிட்டு ஆர்க்டிகும் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 172 மீட்டர் நீளக் கண்ணாடிக் கூரை நடைபாதை ஆற்றை நோக்கி நீளும், லாப்லாந்தின் பூர்வகுடிகளான சாமி இன மக்களின் வாழ்க்கை, வடதுருவத்தின் பருவநிலை எல்லாம் உள்ளே இருக்கிறது. இந்த ஊர் ஏன் இவ்வளவு புதிதாகத் தெரிகிறது என்பதும் அங்கே புரியும்: 1944ல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரையே எரித்துவிட்டது, பிறகு கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ துருவ மானின் கொம்பு வடிவத்தில் தெருக்களை வரைந்து கொடுத்தார். அன்று மாலை எதுவும் வேண்டாம்.

அடுத்த நாள் ஹஸ்கி. பதிவு செய்யும் முன் ஒன்று கேளுங்கள்: வண்டியில் எத்தனை கிலோமீட்டர்? "மூன்று மணி நேரம்" என்று போட்டிருப்பார்கள், அதில் போய் வருவதும் உடை மாற்றுவதும் சூப் குடிப்பதும் போக ஓட்டம் சில நேரம் அரை மணி நேரம்தான் இருக்கும். 10 கிலோமீட்டராவது இருந்தால்தான் நாய்கள் குரைப்பதை நிறுத்தி ஒரே தாளத்தில் ஓடும் அந்த அமைதி கிடைக்கும். ஒருவர் பின்னால் நின்று ஓட்ட, ஒருவர் முன்னால் உட்காருவார். உட்காருகிறவருக்குத்தான் குளிர் அதிகம், நிற்கிறவர் பிரேக் மிதித்து, மேட்டில் தள்ளி, சூடாக இருப்பார். ஆகவே பாதியில் மாறிக்கொள்ளுங்கள், குளிர் தாங்காதவர் இரண்டாவது பாதியில் ஓட்டட்டும். எது நடந்தாலும் கைப்பிடியை விடக் கூடாது, விட்டால் நாய்கள் நிற்காது.

ஸ்னோமொபைல் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, சத்தம் காட்டைக் கெடுக்கிறது. ஆசை இருந்தால் செய்யுங்கள், ஓட்டுகிறவருக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும், வண்டி சேதமானால் உங்கள் பொறுப்பில் வரும் தொகை எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். குளிர் மைனஸ் 30ஐ நெருங்கினால் சவாரிகள் சுருங்கலாம், ரத்தும் ஆகலாம். பணம் திரும்ப வருமா என்பதையும் பதிவின்போதே பாருங்கள்.

மூன்றாம் நாள் குடிலுக்கு மாறும் வழியில் கடையில் இரண்டு நாளுக்கான சாமான் வாங்கிவிடுங்கள். நான்காம் நாளைக் காலியாக விடுங்கள். பனியில் நடங்கள், அடுப்பை மூட்டுங்கள், தூங்குங்கள். எங்கள் பயணத்தில் அந்த ஒன்றுமில்லாத நாள்தான் இருவருக்கும் மிகவும் பிடித்த நாள்.

அரோரா

பின்னிஷ் மொழியில் 'ரெவொன்துலெத்', நரியின் நெருப்புகள். பனிமேல் ஓடும் நரியின் வால் பட்டுப் பொறி பறக்கிறது என்பது பழைய கதை. உண்மையில் சூரியனிலிருந்து வரும் துகள்களால் தூண்டப்பட்டு, பூமியின் காந்தப்புலத்தின் வழியே மின்துகள்கள் இறங்கி வளிமண்டல வாயுக்களில் மோதும்போது எழும் ஒளி அது. நாம் அதிகம் பார்க்கும் பச்சை நிறம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஆக்ஸிஜன் தருவது, இன்னும் உயரத்தில் அதே ஆக்ஸிஜன் சிவப்பாக ஒளிரும்.

செயலிகளில் பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பைக் காட்டும் கேபி (Kp) எண்ணைப் பார்த்து மனம் தளராதீர்கள். லாப்லாந்து அரோரா அடிக்கடி தோன்றும் வளையத்துக்குக் கீழேயே இருப்பதால் எண் 2 என்றாலும் தெரியும். பார்க்க வேண்டியது மேகம். பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் மேக வரைபடத்தில் தெளிந்த வானம் எங்கே என்று முதலில் பாருங்கள். காரில் தேடிப் போகும் சுற்றுலா எடுப்பதானால் தெளிந்த வானத்தைத் தேடி எவ்வளவு தூரமும் போவார்களா, ஒரே இடத்தில் நெருப்பு மூட்டி உட்கார வைப்பார்களா என்று கேளுங்கள், முதல் வகைக்குத்தான் காசு கொடுக்கலாம். ஊருக்குள்ளேயே பார்ப்பதானால் ஆர்க்டிகுமின் பின்புற ஆற்றங்கரை நல்ல இடம்.

இருவரும் விடிய விடிய விழிக்க வேண்டாம். இரவு ஏழு மணிக்குச் சற்றுத் தூங்கிவிட்டு, பத்திலிருந்து இரண்டு மணி வரை மாறி மாறி ஒருவர் ஜன்னலைப் பார்க்கட்டும், தெரிந்தால் மற்றவரை எழுப்பட்டும். உடுப்பை வரிசையாக எடுத்து வைத்திருங்கள். தொடக்கத்தில் அது சாம்பல் நிற மேகக்கோடு போலத்தான் இருக்கும், சந்தேகம் வந்தால் போனின் இரவு முறையில் மூன்று விநாடி படம் எடுத்துப் பாருங்கள், பச்சை தெரிந்தால் அதுதான். போனை உள் சட்டைப்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி பாதி காட்டும்போதே அணைந்துவிடும். கேமராவை உள்ளே கொண்டு வரும் முன் வெளியிலேயே ஒரு பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும்.

சவுனா

2020ல் பின்னிஷ் சவுனாப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொது சவுனாவில் ஆண், பெண் தனித்தனி, உடையில்லாமல்தான் போவார்கள், கலந்து இருக்கும் இடங்களில் நீச்சலுடை. கூச்சம் உள்ளவர்களுக்கு இதற்காகவே தனிக் குடில் சொன்னேன்.

முதலில் குளியுங்கள், துண்டை விரித்து உட்காருங்கள், சூடு 70 முதல் 90 டிகிரி இருக்கும். மேல் படியில் கடும் சூடு, புதிதாகப் போகிறவர் கீழ்ப்படியில் தொடங்கலாம். கற்கள் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவிக்கு 'லோய்லு' என்று பெயர். ஊற்றும் முன் மற்றவரைக் கேட்டு ஊற்றுங்கள். பத்து நிமிடம் போதும், வெளியே பனியில் ஒரு நிமிடம் நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், மறுபடி உள்ளே. பனிக்கட்டியில் வெட்டிய குழிக்கு 'அவந்தோ' என்று பெயர், அதில் முங்குவதானால் ஏணியைப் பிடித்தபடி மெதுவாக இறங்குங்கள், குதிக்க வேண்டாம், ஒருவர் இறங்கும்போது மற்றவர் கரையில் இருக்க வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் இதெல்லாம். நனைந்த சாக்ஸை சவுனா அடுப்புக்கு மேல் காயப் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

சாப்பாடு, பணம், சாலை

லோஹிகெய்த்தோ என்ற சால்மன் சூப்பும் கருப்பு ரை ரொட்டியும் குளிருக்கு மருந்து மாதிரி. துருவ மான் இறைச்சியை மசித்த உருளைக்கிழங்கோடும் புளிப்பான லிங்கன்பெரியோடும் தருவார்கள். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஊர் உணவகங்களில் பஞ்சமில்லை, ஆனால் சவாரியோடு வரும் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உணவகம் கையைச் சுடும், குடிலில் சமைத்தால் செலவு பாதிக்கு மேல் குறையும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள், எங்கும் வங்கி அட்டையே போதும்.

பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லை என்றால் கார் எடுக்காதீர்கள். துருவ மான்கள் சாலை நடுவே நிற்கும், அத்தனையும் யாரோ ஒருவர் வளர்ப்பவை, மோதிவிட்டால் 112க்கு அழைத்துச் சொல்ல வேண்டும். '112 சுவோமி' செயலியை முன்பே இறக்கி வையுங்கள், அதிலிருந்து அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கிளம்பும் நாள்

திரும்பும் விமானத்தையும் அடுத்த நாட்டு விமானத்தையும் நெருக்கி வைக்காதீர்கள், பனி கொட்டினால் தாமதமாகும்.

ஊரிலிருந்து 8 கிலோமீட்டர் வடக்கே, ஆர்க்டிக் வட்டக் கோட்டில், சான்டா கிளாஸ் கிராமம். 8ஆம் எண் பேருந்து போகும், விமான நிலையமும் பக்கம்தான். 1950ல் அமெரிக்க முன்னாள் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் வந்தபோது அவருக்காகக் கட்டிய மரவீடு இன்றும் அங்கே நிற்கிறது. கூட்டமும் கடைகளும் எனக்கு ஒத்துவரவில்லை, ஆனால் அங்குள்ள தபால் நிலையத்துக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு தபால் பெட்டிகள் இருக்கும்: ஒன்றில் போட்டால் உடனே கிளம்பும், மற்றதில் போட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் வரும். ஆளுக்கொரு அட்டை வாங்கி, தனித்தனி மேசையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் எழுதி, காட்டாமல் இரண்டாவது பெட்டியில் போடுங்கள். முகவரியில் நாட்டின் பெயரை மறக்காதீர்கள். அவர் எழுதியது எனக்குப் பதினோரு மாதம் கழித்து வந்தது, முதல் வரியே கால் விரலைப் பற்றித்தான்.